ரேடியேட்டர் மூடி

மூடினேன். உள்ளங்கையை வைத்து அழுத்தினேன், வலப்பக்கம் திருப்பினேன், முதல் தடை வந்தது, அதையும் தாண்டித் திருப்பினேன், இரண்டாவது தடையில் நின்றது. பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். துடைத்தது நன்றாக நினைவிருக்கிறது. அப்படியென்றால் திருப்பியதும் நடந்திருக்க வேண்டும். இல்லை, திருப்பாமலே துடைத்துவிட்டேனா?

ஏப்ரலிலிருந்து மைராமின் மனம் இந்த ஒரு கையசைவையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. மாவு பிசையும்போது செய்தது. குதிரைப்பாலைக் கடையும்போது செய்தது. சாயங்காலம் கணவன் குபாத் பூட்ஸைக் கழற்றும்போது மட்டும் நிறுத்தவே முடியாமல் செய்தது. வலது பூட்ஸை அவன் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து கழற்றுவான். இடதைக் கழற்றும்போது மட்டும் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வான். அந்தக் காலில் இப்போது இரண்டு விரல்கள்தான் இருந்தன.

கூடாரத்துக்குப் பின்னால் தார்ப்பாயை விலக்கிவிட்டு அவள் வண்டியின் முன்னால் குந்தியிருந்தாள். மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி, நான்கு தடித்த சக்கரங்கள், முன்னும் பின்னும் சாமான் கட்டக் கம்பித் தட்டு. மேய்ச்சல் மலையில் எல்லாரும் அதை 'குவாட்' என்பார்கள். மூன்று மாதமாக யாரும் அதைத் தொடவில்லை. ஜூன் மாதம் கிராமத்திலிருந்து ஆடுகளோடும் கூடாரக் கம்பளியோடும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இங்கேயும் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது.

"நீ அதைத் தொடாதே," என்று குபாத் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தான். கோபமாகச் சொல்லவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னான். 'யாரும் தொடாதீங்க' என்று சொல்லியிருக்கலாம். 'நீ' என்றான்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அழவாவது செய்திருப்பாள். குபாத் ஏழு வாரம் நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தபோது, "ஆடுங்க எத்தனை குட்டி போட்டுச்சு?" என்றுதான் கேட்டான். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதன் பிறகும் இல்லை. ஆனால் சேணத்தின் வாரை இழுத்துக் கட்டச் சொல்லி அவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டான். அவள் விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றி மூடியதும் தானே ஒருதரம் மூடியைத் தொட்டுப் பார்த்தான். அவன் தொட்டுப் பார்ப்பதை அவள் பார்க்காத மாதிரி இருக்கப் பழகிக்கொண்டாள்.

இன்று அவன் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தான், குட்டிக் குதிரைகளுக்குச் சூடு போட. குதிரையில்தான் போனான். சேணத்தில் கால் ஊன்றும் அங்கவடியில் அந்தக் கால் நிற்பதில்லை. நேற்றுக் கழற்றிய காலுறையில் ரத்தம் இருந்தது. அதைத் துவைக்கும்போதுதான், நாளைக்கு வண்டியைப் பிரிப்பதென்று மைராம் முடிவு செய்தாள். அவன் வைவான் என்றால் வையட்டும். வைவது நல்லதுதான்.

"அடியே, என்ன, பொணத்தைத் தோண்டி எடுத்துட்டியா?"

ஓரகத்தி பெர்மெட். நாற்பது அடி தள்ளி அவர்களுடைய கூடாரம். கையில் மைராமின் நீலக் கிண்ணம் இருந்தது. நேற்று வெண்ணெய் கொடுத்தனுப்பிய கிண்ணம். அது நிறைய உலர்த்திய தயிர் உருண்டைகள். வெறுங் கிண்ணத்தை யாரும் யாருக்கும் திருப்பித் தருவதில்லை. கடும் சண்டையில் இருப்பவர்கள்கூட ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் தருவார்கள்.

"கூலன்ட் மாத்தப் போறேங்கா."

"அவர் சொன்னாரா மாத்தச் சொல்லி?"

"இல்லை."

"ம்." பெர்மெட் கிண்ணத்தைக் கம்பித் தட்டில் வைத்தாள். "பார்த்து. மாத்தினதுக்கு அப்புறம் மூடியை மூடிடு."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். கெட்ட மனசுக்காரி இல்லை. ஆனால் ஒரு நகைச்சுவை கிடைத்துவிட்டால் தேயும் வரை விடமாட்டாள். 'பால் குடத்தை மூடினியா மைராம்?', 'கூடாரக் கதவை மூடினியா மைராம்?' விருந்தாளிகள் வந்தாலும் சொல்வாள். விருந்தாளிகளும் கதையை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். கணவாய்க்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எல்லாருக்கும் தெரியும்: குபாத் மறுபக்கத்தில் குளிர்காலம் முழுக்க மேய்ந்த குதிரைகளைப் பார்க்கப் போனான், கணவாய் உச்சியில் எஞ்சின் கொதித்து நின்றுபோனது, பனியில் நடந்ததில் கால் விரல்கள் உறைந்து கருகின, மறுநாள் காலையில் அவன் அண்ணன், பெர்மெட்டின் கணவர்தான் போய்க் கண்டுபிடித்தார். ஏனென்றால் முந்தின சாயங்காலம் பெண்டாட்டி ரேடியேட்டரைத் திறந்து பார்த்துவிட்டு மூடியைச் சரியாக மூடவில்லை.

மூடி தளர்ந்திருந்தது என்று சொன்னவர் அந்த அண்ணன்தான். குபாத்தைச் சுமந்துகொண்டு வந்து படுக்கவைத்துவிட்டு, வாசலில் நின்று, மீசையெல்லாம் பனியோடு சொன்னார்: "மூடி தளர்ந்திருந்துச்சு. உள்ள ஒரு சொட்டு இல்லை." அறையில் இருந்த அத்தனை பேரும் மைராமைப் பார்த்தார்கள். அவள் அப்பா கூட்டுப்பண்ணை டிராக்டர் மெக்கானிக். வண்டி வேலை அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் பார்ப்பாள். "நேத்து நான்தான் திறந்தேன்," என்றாள்.

பெர்மெட் போன பிறகு வேலையைத் தொடங்கினாள். எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது, மூன்று மாதக் குளிர்ச்சி. முன்புற பிளாஸ்டிக்கைக் கழற்றினாள். மூடியில் கை வைத்தாள். ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு திறந்தாள்.

தண்ணீர்ப் பம்புக்கு அடியில் வடிகால் போல்ட். அதற்கு நேராகப் பால் கறக்கிற பழைய தகரப் பாத்திரத்தை வைத்தாள். மூன்று லிட்டர் அளவுக் கோடு போட்ட பாத்திரம், மரத்தட்டு மூடியோடு. மூடி முக்கியம். எஞ்சினைக் குளிரவைக்கிற கூலன்ட் தித்திக்கும். நாய் நக்கினாலும் குட்டிக் குதிரை நக்கினாலும் இரண்டு நாளில் செத்துப்போகும். அப்பா சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான்.

போல்ட்டைக் கழற்றியதும் நூல் மாதிரி ஒழுகியது. நின்றுவிட்டது. கம்பியை விட்டுக் குத்தினாள். ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து பாத்திரத்தில் தொப்பென்று விழுந்தது.

பழுப்பு நிறக் கட்டி. தொட்டால் நடுங்கியது. எலும்பை வேகவைத்து ஆறவிட்டால் உறையுமே, அந்த மாதிரி. பின்னாலேயே இன்னொன்று. கீழ்க் குழாயைக் கழற்றி அமுக்கினாள். கொழகொழவென்று வந்துகொண்டே இருந்தது. அவள் போன இலையுதிர்காலத்தில் ஊற்றியது சிவப்புக் கூலன்ட், சுத்தமான, கண்ணாடி போன்ற சிவப்பு. அது இப்படித் திரிவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. பழைய கார்களுக்கு ஊற்றுகிற நீலக் கூலன்ட்டை யாராவது அதோடு கலந்திருக்க வேண்டும்.

பாத்திரத்தின் அளவுக் கோட்டைப் பார்த்தாள். இலையுதிர்காலத்தில் இரண்டரை லிட்டர் ஊற்றினாள். இப்போது வந்திருப்பது அதற்கு ஒரு விரற்கடை குறைவு.

மூடி திறந்திருந்தால் கொதித்து வெளியே போயிருக்கும். வெளியே போகவில்லை. எல்லாம் உள்ளேயே, குழாய்களை அடைத்துக்கொண்டு, நகர முடியாமல் நின்றிருக்கிறது. எஞ்சின் தன்னுடைய சூட்டிலேயே வெந்திருக்கிறது.

நான் மூடினேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது, சத்தமில்லாத சிரிப்பு. கணவன் கால் விரல் போனதற்கு யார் காரணமென்று தெரிந்ததும் ஒருத்திக்குச் சிரிப்பு வருமா என்று உடனே தன் மேலேயே அருவருப்பு வந்தது. கை மட்டும் மடியில் கிடந்தது, மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சும்மா.

நீலக் கூலன்ட் இந்தக் குடும்பத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, மூத்தாருடைய, அதாவது குபாத்தின் அண்ணனுடைய, வெள்ளைக் காரின் டிக்கியில்.

மூத்தாருடைய பெயர் தெமிர். தெமிர் என்றால் இரும்பு. கணவனுடைய மூத்தவர்கள் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. அதனால் பதினாறு வருஷமாக மைராம் இரும்பையும் இரும்பு என்று சொன்னதில்லை, 'கெட்டியானது' என்பாள். ஸ்பேனர் பிடிக்கிறவளுக்கு இரும்பைச் சொல்ல வாயில்லையே என்று குபாத் ஒரு காலத்தில் கேலி செய்வான். மார்ச் மாதம் வைக்கோல் இழுக்க வண்டியை வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். திருப்பிக் கொண்டுவந்து விட்டபோது பெட்ரோல் விளிம்பு வரை இருந்தது. "வெறுமையாக் கொண்டுவந்து விடுவேனா? எல்லாம் நிரப்பியிருக்கேன், பொண்ணே," என்று இருக்கையைத் தட்டிக்கொடுத்தார்.

எல்லாம்.

இதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது. மைராம் அதைத் தோண்டாமலிருக்கத்தான் இத்தனை நாளும் மூடியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. அந்த ஏப்ரல் சாயங்காலம் அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஆனால் நிறம் சிவப்பாக இல்லை. கத்தரிப்பூ நிறமாக, கலங்கலாக இருந்தது. வெளிச்சம் போய்விட்டது, அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டாள். அப்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். மூத்தவர் நிரப்பிக் கொடுத்ததை மோந்து பார்த்துக் கேள்வி கேட்க முடியாது. கேட்டால், 'என் தம்பி பொண்டாட்டி என்னைச் சோதனை போடறா' என்று ஆகும். அதனால் மூடினாள், நன்றாக இறுக்கி. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

பாத்திரத்தை மரத்தட்டால் மூடிக் கூடாரத்தின் ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். வேலை பாதியில் நின்றால் இருட்டிவிடும். சுத்திகரித்த தண்ணீர் ஐந்து லிட்டர் கேன்களில் மூன்று கேன் இருந்தது. போல்ட்டைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது. நான்காவது தடவை பிடித்துக்கொண்டது. சூடேறி மின்விசிறி சுற்றும் வரை ஓடவிட்டு, நிறுத்தி, ஆறவிட்டு, வாளியில் வடித்தாள். பழுப்பு. மறுபடி நிரப்பி ஓட்டினாள். தேநீர் நிறம், திட்டுத்திட்டாக. மூன்றாவது முறை வந்த தண்ணீரில் வாளியின் அடி தெரிந்தது. ஒவ்வொரு முறையும் ஆறுவதற்கு அரை மணியாவது ஆகும். அந்த நேரமெல்லாம் அவள் மூடிய பாத்திரத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போல்ட்டுக்குப் புதுச் செம்பு வளையம் போட்டு முறுக்கினாள். வண்டியைச் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி தள்ளி நிறுத்தினாள். அப்போதுதான் காற்று தங்காமல் மேலே வரும். சிவப்புக் கூலன்ட்டை மெல்ல ஊற்றினாள். குழாயை அமுக்க அமுக்கக் குமிழி வந்து உடைந்தது. எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக மட்டத்தை ஏற்றினாள்.

"அட, உயிரு வந்துடுச்சே!"

மூத்தார் குதிரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு. எஞ்சின் சத்தம் கேட்டு ஆட்டு மந்தையை விட்டுவிட்டு வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நான் அப்பவே சொன்னேன், இவ அப்பன் கையை அப்படியே வாங்கிட்டு வந்திருக்கான்னு. குபாத் பார்த்தா குதிக்கப் போறான்."

"ஒத்தைக் கால்லயா, பைக்கே?" பைக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுவாள், அண்ணா என்பதுபோல. வாய் தவறி வந்த வார்த்தையில் அவளே திடுக்கிட்டாள்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "நாக்கு நீளமாத்தான் இருக்கு," என்றார், ஆனால் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. அவருடைய நாய் கூடார ஓரத்தில் மரத்தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டிருந்தது. "ஏய், போ அந்தப் பக்கம்! என்ன வச்சிருக்கே இதுல, கறியா?" என்று நாயை விரட்டிக்கொண்டே குனிந்து தட்டைத் தூக்கினார்.

மைராம் எஞ்சினை நிறுத்தினாள்.

அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"துரு," என்றார்.

"துரு இல்லைங்க, பைக்கே."

"மூணு மாசம் கிடந்தா திரியும்தானே."

"தனியா இருந்தா மூணு வருஷம் ஆனாலும் திரியாதுங்க."

அவர் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். "மேட்டுல வைக்கோல் இழுக்கும்போது கொதிச்சு வெளிய தள்ளிடுச்சு. பாதிக்கு மேல போயிடுச்சு. அப்படியே கொண்டுவந்து விடச் சொல்றியா? கார்ல இருந்ததை ஊத்தினேன். கெட்டது இல்லை மைராம், நல்ல சாமான். எனக்கு வச்சிருந்ததைத்தான் ஊத்தினேன்."

"தெரியும்."

"நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"தெரியும், பைக்கே. கலந்ததைப் பத்தி நான் கேட்கலை." அவள் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. "மூடி தளர்ந்தா இருந்துச்சு?"

குதிரை சேணத்தைக் குலுக்கியது. அவர் அதன் கழுத்தில் கை வைத்தார்.

"அவன் காலைத் தொட்டுட்டு வந்த கை அது. நான் திறந்தேனா, அதுவா திறந்து இருந்துச்சா, இன்னிக்குவரைக்கும் எனக்கே தெரியலை."

இவருமா, என்று நினைத்தாள். இவரும் ராத்திரியெல்லாம் அதே மூடியைத்தான் திருப்பிக்கொண்டிருக்கிறாரா? அவர் மேல் இரக்கம் வந்துவிடும்போல இருந்தது. வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் தெரிந்தது.

"உள்ள நிறைஞ்சிருந்ததைப் பார்த்தீங்கதானே?"

அவர் ஆமென்று தலையை ஒருமுறை அசைத்தார்.

"ஒரு சொட்டு இல்லைன்னு சொன்னீங்க."

"எல்லாரும் என்னையே பார்த்தாங்க. ஏதாவது சொல்லணும். வாயில வந்தது." அவர் கிட்டே வந்தார். குரலைத் தணித்தார். "கேளு, பொண்ணே. அப்பா போனப்ப அவனுக்கு ஏழு வயசு. என் சேணத்துல முன்னாடி உட்கார வச்சு வளர்த்தேன். இன்னிக்கும் முதல் கிண்ணத்தை எனக்குத்தான் நீட்டறான். இதை அவன் பார்த்தா... நம்ம ஆடு ஒண்ணு, மேய்ச்சல் ஒண்ணு, எல்லாம் ரெண்டாப் போயிடும். உன்னை அவன் ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா? திட்டினானா?"

"திட்டலை."

"பார்த்தியா! உங்களுக்குள்ள அது ஆறிடுச்சு. எங்களுக்குள்ள ஆறாது."

ஆறிடுச்சு. விளக்கின் மூடியைத் தொட்டுப் பார்க்கிற அந்த விரல்கள் அவள் கண் முன்னால் வந்தன.

கீழே ஓடையைத் தாண்டி ஒரு குதிரைக்காரன் வருவது தெரிந்தது. இடது காலை அங்கவடியிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டிருந்தான். இன்னும் கால் மணி நேரத்தில் வந்துவிடுவான். மூத்தாரும் பார்த்தார்.

"குடு, நான் பள்ளத்துல கொட்டிட்டு வந்துடறேன்," என்று அவரே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டார். "வண்டி ஓடுது. எப்படி ஓடுதுன்னு யாரும் கேட்கப் போறதில்லை. பெர்மெட் கிட்ட நான் சொல்லிடறேன், இனிமே அந்த மூடிக் கதையை எடுக்க மாட்டா. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தா போதும், உனக்கு அது தெரியாததா?"

தெரியாததா? கத்தரிப்பூ நிறத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவள்தானே அவள். அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் குபாத் இப்போது பத்து விரலோடு வந்துகொண்டிருப்பான். மூத்தார் கெட்டவர் இல்லை. அவர் கேட்பது பதினாறு வருஷமாக அவள் செய்துவருவதைத்தான். அதனால்தான் அதைக் கேட்பது அவருக்கு இவ்வளவு சுலபமாக இருந்தது.

அவள் ரேடியேட்டரின் விளிம்பைத் துணியால் துடைத்து மூடியை வைத்தாள். அழுத்தித் திருப்பினாள். முதல் தடை. இரண்டாவது தடை. பிறகு தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவரிடம் நடந்தாள். பெரியவர்களிடம் தேநீர்க் கிண்ணத்தை வாங்குவதுபோல, சற்றுக் குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குடுங்க, பைக்கே."

"கொட்டறியா?"

"இல்லைங்க."

அவர் விடவில்லை. அவளும் இழுக்கவில்லை. கைகளை மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நிறம் மாறியிருந்ததை அன்னிக்கே நானும் பார்த்தேன். கேட்கலை. அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போறேன். நீங்க இருந்து சொன்னா நல்லது. போனாலும் சரி."

குளம்புச் சத்தம் ஓடைக்கற்களில் கேட்டது. மூத்தாரின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. மைராம் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள், சிந்தாமல். கூடார வாசலுக்கு எடுத்துப் போய், குபாத் பூட்ஸைக் கழற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில், நாய்க்கு எட்டாத உயரத்தில் பெட்டி மேல் வைத்து, மரத்தட்டால் மூடினாள். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். மூன்று கிண்ணங்களை எடுத்தாள்.